கார்னர் அண்ணனுக்குச் சால்வை போர்த்துவதற்கு முன்

வைகாசி நெருங்கினாலே காரைக்கால் பக்கத்து விழிதியூர் டீக்கடையில் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். எங்கள் கபடி அணியின் வலது கார்னர் இந்த வருஷமாவது ஒதுங்கிக்கொள்வாரா, மாட்டாரா? அவருக்கு நாற்பத்தொரு வயது. மூத்த மகள் கல்லூரிக்குப் போகிறாள். இடது முழங்காலில் ஜவ்வு போய்ப் பல வருஷம் ஆகிறது. இருந்தாலும் சாயங்காலம் மேட் விரிக்கிற நேரத்துக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறார். பையன்களுக்கு எரிச்சல், பெரியவர்களுக்குக் கவலை. "மரியாதையா ஒரு சால்வையப் போர்த்தி அனுப்பி வெச்சிடலாம், நீங்க சொன்னா கேப்பாரு" என்று இந்தத் தடவை என்னிடமே தூது வந்துவிட்டார்கள்.

சொல்ல முடியாது என்று அனுப்பிவிட்டேன். ஏன் என்பதை ஒரு டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்க முடியவில்லை.

நானும் அதே அணியில் ஆடியவன்தான். அவர் வலது கார்னர், நான் இடது கார்னர். முப்பது தாண்டியதும் ஆட்டத்தை விட்டுவிட்டு விசிலை எடுத்துக்கொண்டேன். நிரவி, திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு, எல்லை தாண்டினால் நாகூர், திட்டச்சேரி என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் நடுவராகப் போகிறேன். அப்பா விட்டுப்போன உரக்கடை எனக்கு இருந்தது, அதனால் விட முடிந்தது. அவருக்கு அப்படி ஒன்றும் இல்லை. இந்த வித்தியாசத்தைப் பேசாமல் வயதை மட்டும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

வயது என்றதும் எல்லோரும் சேரலாதனை இழுப்பார்கள். தர்மராஜ் சேரலாதன், தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர், 1975-இல் பிறந்தவர். 2014-இல் புரோ கபடி லீக் தொடங்கியபோதே அவருக்கு 39 வயது. 2016 ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வாங்கியபோது அதன் கேப்டன் அவர். அதே வருஷம் அக்டோபரில் அகமதாபாத்தில் இரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பையை எடுத்த இந்திய அணியிலும் இருந்தார். 2019-இல் ஹரியானா ஸ்டீலர்ஸுக்குக் கேப்டன் ஆனபோது வயது 44. வடநாட்டுப் பையன்களும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். அந்தப் பாட்னா அணியின் பெரிய ரைடர் பர்தீப் நர்வாலுக்கு அப்போது 19 வயது. லீக் வரலாற்றிலேயே அதிக ரைடு புள்ளி எடுத்தவர் என்று பெயர் வாங்கினார். 2025 ஏலத்தில் அவரை எந்த அணியும் எடுக்கவில்லை, 28 வயதில் ஓய்வு என்று அறிவித்துவிட்டார். ஒரே கோப்பையைத் தூக்கிய இரண்டு பேர். நாற்பதைத் தாண்டியவர் அதற்குப் பிறகும் பல சீசன் ஆடினார், பத்தொன்பது வயதுக்காரர் முப்பதைத் தொடுவதற்குள் முடித்துக்கொண்டார்.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ரைடருக்கு முதலீடு வேகம், அது சீக்கிரம் கரையும். கார்னரில் நிற்பவருக்கு முதலீடு கண். அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிவியில் பார்க்கிறவர்களுக்கு அது தெரிவதில்லை. கேமரா எப்போதும் ரைடரின் பின்னாலேயே ஓடுகிறது.

ஏழு பேர் வரிசையின் இரண்டு முனைகளில் நிற்பவர்கள் கார்னர்கள். அவர்கள் காலடியில்தான் போனஸ் கோடு. எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் இருக்கும்போது ரைடர் ஒரு காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் வைத்து இன்னொரு காலைத் தூக்கிவிட்டால் ஒரு புள்ளி. அவன் நீட்டுகிற அந்தக் கால் ஒரு தூண்டில். இருபது வயதுப் பையன் கால் வந்த உடனே பாய்வான். ரைடருக்கு வேண்டியதும் அதுதான். காலை இழுத்துக்கொண்டு, குனிந்தவன் முதுகில் ஒரு தட்டு தட்டிவிட்டு நடுக்கோட்டைப் பார்த்து ஓடிவிடுவான். எங்கள் அண்ணன் பாய மாட்டார். உடம்பின் பாரம் முன்காலுக்கு இறங்கிவிட்டதா, இல்லை பின்காலிலேயே நிற்கிறதா என்று பார்ப்பார். பாரம் இறங்கிய காலை நினைத்தவுடன் தூக்க முடியாது. அந்த அரை நொடியில் இரண்டு கையாலும் கணுக்காலைக் கட்டி, தலையை வெளிப்பக்கமாக ஒதுக்கி, தோளால் முழங்காலை நெருக்கிவிடுவார். தலையை உள்பக்கம் வைத்தால் ரைடரின் முட்டி தாடையில் இறங்கும். இதைப் பையன்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த விதம் அச்சில் ஏற்றத் தகுந்ததல்ல, ஆனால் ஒருவனும் மறக்கவில்லை.

கோட்டருகே விசிலோடு நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். அவர் ரைடரின் முகத்தைப் பார்ப்பதே இல்லை, இடுப்பைப் பார்க்கிறார். முகம் நடிக்கும், இடுப்புக்கு நடிக்கத் தெரியாது. பக்கத்தில் நிற்கும் பையனின் கையை ஒரு பிடியாகப் பிடித்திருப்பார். அழுத்தினால் 'பொறு', விட்டால் 'போ'. முப்பது நொடி ரைடில் அந்தப் பையனின் ஆட்டம் முழுவதையும் அந்தக் கைதான் நடத்துகிறது. பிடி விழுந்த பிறகு, கார்னருக்கு உள்பக்கம் நின்று கடைசியில் இடித்துச் சாய்த்த கவர் பையனைத்தான் கூட்டம் கத்திக் கொண்டாடும். ரைடரை ஓட இடமில்லாத பக்கமாக ஒதுக்கி, கவரின் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்து விட்டவர் யார் என்று மைக் பிடித்து வர்ணனை செய்பவருக்கும் தெரியாது. மூன்று பேர் மட்டும் மிச்சமிருக்கும்போது ரைடரைப் பிடித்தால் இரண்டு புள்ளி. அந்த நேரத்தில் மற்ற இரண்டு பேரும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இந்த அறிவு உடம்பில்தான் சேர்கிறது, உடம்பையே தின்றுதான் சேர்கிறது. அவர் கொத்தனார். குத்துக்காலிட்டு உட்கார முடியாத கொத்தனாருக்குத் தரை ஓடு பதிக்கிற வேலை கிடையாது. பூச்சு வேலைதான், அதற்குச் சாரம் ஏறியாக வேண்டும், சாரத்துக்கும் முழங்கால் வேண்டும். வலது கை மோதிர விரல் நிமிராது. ஒரு ரைடர் உதறியதில் பிசகியது. புத்தூர் கட்டுப் போட்டார், குணமாகிவிட்டது என்று அவரே முடிவும் பண்ணிக்கொண்டார். முழங்காலுக்கு ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆட்டத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது ஆகும் என்று தஞ்சாவூரில் ஒரு டாக்டர் சொன்னார். இவர் கேட்டது ஆட்டத்தைப் பற்றி இல்லை, சாரம் ஏற எத்தனை மாதம் ஆகும் என்று. பதில் கேட்டுக்கொண்டு, வரும் வழியில் ஒரு நீ-கேப் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

என் சித்தப்பா மகன் ஒருவன் பிரான்சில் இருக்கிறான். சொல்தா குடும்பம், தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். காரைக்கால் பக்கம் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய உண்டு. அவன் இருப்பது தெற்கே பெர்பிஞ்ஞான் நகரத்துக்குப் பக்கத்தில். அந்த ஊருக்கு ரக்பி லீக் பைத்தியம். பதினைந்து பேர் ஆடும் ரக்பி இல்லை, பதின்மூன்று பேர் ஆடுவது. காட்டலன் டிராகன்ஸ் என்ற அந்த ஊர் அணி இங்கிலாந்துக்காரர்களின் சூப்பர் லீக்கில் ஆடுகிறது. லீவுக்கு வந்தவனை எங்கள் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அண்ணன் ஆடியதைப் பார்த்துவிட்டு, "அண்ணே, இவரு எங்க ஊர்ல பொறந்திருந்தா ஃபார்வர்டு" என்றான். பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேராக மோதப் போகிறவர்கள், எதிரி வந்தால் மடக்கிக் கீழே சாய்க்கிறவர்கள் ஃபார்வர்டுகள். ஆறு தடவை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எண்பது நிமிஷமும் இதேதான் வேலை. நம்ம சடுகுடுதான், கையில் ஒரு பந்து கூடுதல் என்று அவன் சொன்னதை நான் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே மூச்சைப் பிடித்துப் பாட வேண்டியதில்லையே.

ஸ்டீவ் மென்ஸீஸ் என்ற ஆஸ்திரேலியரைப் பற்றி அவன் சொன்னதுதான் மனதில் நின்றது. சிட்னியின் மேன்லி அணி 1996-இலும் 2008-இலும் பட்டம் வென்றபோது அதில் ஆடியவர். 2008 இறுதி ஆட்டத்தை 40-0 என்று வென்ற கையோடு அந்த அணியிலிருந்து விடைபெற்றார். அதோடு வீட்டுக்குப் போய்விடவில்லை. இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டுக்கு ஆடினார், அதன் பிறகு பெர்பிஞ்ஞானுக்கு வந்து மூன்று சீசன். 2013-இல் முடித்தபோது 39 வயது. இடித்துத் தள்ளுகிற ஆட்டத்தில், ஃபார்வர்டாக. அவரைப் போன்றவர்களுக்குச் சீசனுக்குச் சீசன் ஒப்பந்தம் உண்டு, சம்பளம் உண்டு, அடிபட்டால் பார்க்க அணியின் டாக்டர் உண்டு. அங்கேயும் எல்லாம் தங்கம் என்று சொல்லவில்லை. தலையில் வாங்கிய அடிகளால் மூளை பாதித்துவிட்டது என்று பழைய ரக்பி லீக் ஆட்டக்காரர்கள் பலர் பிரிட்டனில் ஆட்டத்தின் நிர்வாக அமைப்பு மேல் வழக்குக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் வழக்குப் போடுவதற்காவது ஓர் அமைப்பு இருக்கிறது. எங்கள் அண்ணன் யார் மேல் போடுவார்? திடலில் மேட் விரித்த இளைஞர் மன்றத்தின் மேலா? அதன் பொருளாளர் அவருடைய மச்சான்.

ஏன் விடமாட்டேன் என்கிறார் என்பதற்கு வருகிறேன். ஆட்டத்தின் மேல் ஆசை என்று சொல்லிவிடுவது சுலபம், ஆசையும் இருக்கிறதுதான். ஆனால் கபடியில் ஓடுகிற பையன்களிடம் எதற்கு ஆடுகிறாய் என்று கேட்டால் கோப்பை என்று யாரும் சொல்வதில்லை, வேலை என்பார்கள். ரயில்வே, போலீஸ், வங்கி, பொதுத்துறை நிறுவனங்கள் என்று அணி வைத்திருக்கிற இடங்களில் விளையாட்டுக் கோட்டாவில் நுழைந்துவிட வேண்டும். இந்தியாவில் கபடி இத்தனை வருஷம் உயிரோடு இருந்ததே அந்த வேலைகளால்தான், லீக் வந்தது பிற்பாடு. கோட்டாவுக்கு வயது வரம்பு உண்டு. அது தாண்டிவிட்டால் மண்ணில் எத்தனை வருஷம் உருண்டாலும் அரசாங்கத்தின் கணக்கில் சேராது. அண்ணனுக்குத் தாண்டிப் பல காலம் ஆயிற்று. இப்போது பக்கத்து ஊர் அணி கெஸ்ட் பிளேயராகக் கூப்பிட்டால் ஆயிரமோ இரண்டாயிரமோ கையில் வரும், சாப்பாடு உண்டு. ஆட்டம் விட்டால் அதுவும் நின்றுவிடும், "அண்ணே வாங்க" என்று கூப்பிடுவதும் நின்றுவிடும்.

இங்கே காரைக்காலுக்கென்று ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். வடக்கே மயிலாடுதுறை, மேற்கே திருவாரூர், தெற்கே நாகப்பட்டினம். மூன்று பக்கமும் தமிழ்நாடு, கிழக்கே கடல், நடுவில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்துத் துண்டாக நாங்கள். கூப்பிடு தூரத்தில் இருக்கும் திட்டச்சேரிப் பையன் தமிழ்நாட்டின் முதலமைச்சர் கோப்பையில் மாவட்ட அணிக்கு ஆடலாம், மேலே போனால் மாநில அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்கு முயற்சி பண்ணலாம். அவனோடு ஒன்றாகப் பயிற்சி எடுக்கிற விழிதியூர்ப் பையனுக்கு இரண்டும் இல்லை. அவனுக்குத் தலைநகரம் புதுச்சேரி. சுமார் 130 கிலோமீட்டர், இடையில் மயிலாடுதுறை, கடலூர் என்று இரண்டு தமிழ்நாட்டு மாவட்டங்களைக் கடக்க வேண்டும். பிரதேச அணிக்கான தேர்வு அங்கே நடக்கும். விடியற்காலை பஸ் ஏறி, கால் மரத்துப்போய் இறங்கி, அங்கேயே வளர்ந்த பையன்களோடு அன்றைக்கே மோத வேண்டும். அண்ணன் இளவயதில் இப்படிப் போனவர். சிதம்பரத்தில் பஸ் மாறும்போதே பாதித் தேர்வு முடிந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

(ஆட்டம் பார்க்க எல்லை தாண்டி எங்கள் ஊருக்கு வரும் கூட்டத்துக்கு மட்டும் எல்லை ஒரு பொருட்டே இல்லை. அதில் ஒரு பங்கு எதற்காக வருகிறது என்பது ஊருக்கே தெரியும், மதுக்கடை விலைப்பட்டியல் அவர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும்.)

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. அண்ணனுக்குப் பக்கத்தில் கைகோத்து நிற்கும் பையனுக்குப் பத்தொன்பது வயது. கார்னருக்குத் தயார் என்று நினைக்கிறான், அநேகமாகச் சரிதான். அவனுக்கு இன்னும் ஐந்தாறு வருஷம்தான் அவகாசம், அதற்குள் யார் கண்ணிலாவது பட்டாக வேண்டும். அண்ணன் நிற்கிற இடத்தில் அவன் நிற்காமல் போகிற ஒவ்வொரு ஆட்டமும் அவனுக்கு நஷ்டம். அதனால்தான் அண்ணன் இப்படியே ஆடிக்கொண்டிருக்கட்டும் என்றும் நான் சொல்லவில்லை. அந்த முழங்காலோடு அவர் ஒவ்வொரு தடவை டைவ் அடிக்கும்போதும் எனக்கு விசில் வாயில் நிற்பதில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: அவரைப் போகச் சொல்கிறவர்கள் எங்கே போகச் சொல்கிறார்கள்?

அனுப் குமார் 2018 டிசம்பரில் 35 வயதில் ஓய்வு பெற்றார், அடுத்த சீசனில் புனேரி பல்தானுக்குப் பயிற்சியாளராக வந்து உட்கார்ந்தார். இந்தியக் கேப்டனுக்கு நாற்காலி தயாராக இருக்கிறது. எங்கள் பக்கம் அரசுப் பயிற்சியாளர் வேலை என்றால் பாட்டியாலா என்.ஐ.எஸ். சான்றிதழைக் கேட்பார்கள். பத்தாவதைத் தாண்டாத கொத்தனார் பாட்டியாலாவுக்கு எப்படிப் போவார்? பையன்கள் இப்போது போனில் இரான் கார்னர் ஃபசல் அத்ராச்சலியின் பிடிகளை மெதுவாக ஓட்டிப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம்தான், நானும் பார்க்கிறேன். ஆனால் எப்போது பொறுக்க வேண்டும் என்று கையை அழுத்திச் சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். காரைக்கால் பிரதேசத்தின் ஒவ்வொரு கொம்யூன் பஞ்சாயத்திலும் இப்படி ஒருவர் இருக்கிறார். தேர்வை மேட்டின் மேலேயே வைக்கட்டும், சான்றிதழை அப்புறம் பார்க்கலாம். மாதம் ஒரு மதிப்பூதியம், உதவிப் பயிற்சியாளர் என்று ஒரு பெயர், சாயங்காலம் இரண்டு மணி நேர வேலை. புதுச்சேரி அரசுக்கு இது பெரிய செலவு இல்லை. பிரதேச அணித் தேர்வுக்கு முந்தைய சுற்றைக் காரைக்காலிலேயே நடத்துவதற்கும் பெரிய செலவு ஆகாது.

அரசைச் சொல்லிவிட்டு நாங்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. எங்கள் தொடர் ஆட்டங்களில் காசு இல்லாமல் இல்லை. எல்.இ.டி. விளக்கு, டிரோன், யூடியூப் நேரலை, ஆளுயரக் கோப்பை, வந்த பிரமுகர்களுக்கெல்லாம் சால்வை. களத்தில் ஒருவன் விழுந்தால் தூக்கிப்போட ஒரு ஸ்ட்ரெச்சர் இருக்காது. 2022 ஜூலையில் பண்ருட்டிக்குப் பக்கத்தில் ஒரு தொடர் ஆட்டத்தில் ரைடு போன இளைஞன் களத்திலேயே விழுந்து இறந்துபோனான். வீடியோவை எல்லோரும் பார்த்தோம், பகிர்ந்தோம். அதற்குப் பிறகு எத்தனை ஊர் ஆட்டத்தில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது? நான் போன இடங்களில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

போன வருஷம் 'பைசன்' படம் வந்த மறுவாரம் திடலில் பையன்கள் கூட்டம் தாங்கவில்லை. மணத்தி கணேசனின் வாழ்க்கையை வைத்து எடுத்த படம். 1994-இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர், மறுவருஷம் அர்ஜுனா விருது பெற்றவர். கபடிக்காரன் வாழ்க்கை பெரிய திரையில் வந்ததில் எங்களுக்கெல்லாம் பெருமை. அண்ணன் இரண்டு தடவை பார்த்தார். அவர் கதை படமாக வேண்டாம், முழங்காலுக்கு ஆபரேஷன் ஆனால் போதும்.

இளைஞர் மன்றத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது இதுதான். ஆடுகிற எல்லோருக்கும் தொடர் நடக்கிற நாட்களுக்குக் குழு விபத்துக் காப்பீடு எடுக்க வேண்டும். விசாரித்துப் பார்த்தேன், எங்கள் நேரலைச் செலவில் பாதிகூட ஆகாது. ஆனால் அதில் உயிருக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான் பணம் வரும், ஜவ்வு கிழிந்தால் ஒன்றும் பெயராது. அதனால் நுழைவுக் கட்டணத்திலும் முதல் பரிசிலும் ஒரு பங்கை எடுத்துக் காய நிதி என்று தனியாகப் போட வேண்டும். அதிலிருந்து முதலில் அண்ணனின் ஆபரேஷன், அவர் படுத்திருக்கிற மாதங்களுக்கு அரைக் கூலி. எழுந்து வந்ததும் அணியின் பயிற்சியாளர், பரிசுப் பணத்தில் ஆட்டக்காரருக்குச் சமமான பங்கு. இதெல்லாம் எழுத்தில் வந்தால் அவரிடம் பேச நான் போகிறேன். வெறும் சால்வையைத் தூக்கிக்கொண்டு போக மாட்டேன்.

மன்றத்தில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். பொருளாளர் மச்சான், சொந்தக்காரருக்குச் செய்ததாக ஊர் பேசும் என்று தயங்குகிறார். மீதிப் பேர், முதல் பரிசைக் குறைத்தால் பெரிய அணிகள் எல்லை தாண்டி வராது என்கிறார்கள். வராவிட்டால் நிரவியும் பட்டினமும் நெடுங்காடும் வந்து ஆடட்டும். இரண்டு ராத்திரி நடக்கிற ஆட்டம் ஒரே ராத்திரியில் முடியும், மிச்சமாகிற ஜெனரேட்டர் வாடகையையும் அந்த நிதியிலேயே போட்டுவிடலாம்.